கடல் முதலில் கிணற்றுக்குள்தான் வந்தது

கடல் ஊரை விழுங்கியது என்று கேட்டவுடன் நமக்கு மனசில் வருகிற படம் ஒன்றுதான். ராத்திரியில் பனை உயரத்துக்கு ஓர் அலை, விடிந்து பார்த்தால் ஊர் இல்லை. கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்து, 2004 டிசம்பரையும் பார்த்துவிட்ட நாம் வேறு எப்படி நினைப்போம்? கற்கால மக்கள் ஏறிவரும் கடலை எப்படிச் சமாளித்தார்கள் என்று சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் அந்தப் படத்தோடுதான் ஆரம்பித்தேன். ஒரு கிணறு அதை மாற்றிவிட்டது. அந்தக் கிணற்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் பின்னணி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அவ்வளவு தண்ணீரும் நிலத்தின்மேல் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருக உருகக் கடல் ஏறியது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முடிய 12,000, 13,000 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கரை என்பது நிலையான இடமே இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கான சாட்சி பெரும்பாலும் கடலுக்கடியில்தான் இருக்கிறது. அலையும் மணலும் அதில் நிறைய அழித்துவிட்டன. விதிவிலக்காக நன்றாகத் தப்பிய இடங்களில் ஒன்று, வடக்கு இஸ்ரேலில் ஹைஃபா நகருக்குத் தெற்கே உள்ள கார்மல் கடற்கரை. அங்கே 1984-ல் கடலடித் தொல்லியலாளர் எஹுத் கலிலி ஒரு கிராமத்தைக் கண்டுபிடித்தார். அத்லித் யாம் என்று பெயர். யாம் என்றால் ஹீப்ரு மொழியில் கடல். இன்று 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அந்த ஊருக்கு வயது சுமார் 9,000 ஆண்டுகள்.

கோதுமை, பார்லி, பருப்பு விளைவித்திருக்கிறார்கள். ஆடு, மாடு, பன்றி எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கூடவே ஆயிரக்கணக்கில் மீன் எலும்புகள். இன்னொரு விஷயம்: சில ஆண்களின் மண்டையோடுகளில் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் அடிக்கடி மூழ்குகிறவர்களுக்கு வருவது இது. ஆக, இவர்கள் விவசாயிகள் மட்டுமில்லை, கடலுக்குள் முக்குளித்தவர்களும்கூட. ஒரு பக்கம் பொய்த்தாலும் இன்னொரு பக்கம் சோறு போடும் ஏற்பாடு.

இப்போ கிணற்றுக்கு வருவோம். ஊருக்குள் கல் கட்டிய கிணறு, ஆழம் 5.5 மீட்டர், விட்டம் சுமார் ஒன்றரை மீட்டர். கரையோரக் கிணற்றின் அடி, கடல் மட்டத்தை ஒட்டியேதான் இருக்கும். இந்தக் கிணற்றின் அடி இன்றைய கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 16 மீட்டர் கீழே இருக்கிறது. அன்றைய கடல் எங்கே நின்றது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

கிணற்றைத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே இருந்தது குப்பை. விலங்கு எலும்புகள், உடைந்த கற்கருவிகள், கல் சில்லுகள். குடிக்கிற கிணற்றில் யாரும் எலும்பைப் போட மாட்டார்கள், இல்லையா? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது: தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது, கிணறு குப்பைக்குழி ஆனது. அதாவது கிணறு கெட்ட பிறகும் ஊரில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். குப்பை போட ஆள் வேண்டுமே.

ஏன் கிணறு முதலில் கெடுகிறது? தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். அதே இடத்தில் ஆழமாகப் போனால் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் அதன்மேல் மிதக்கிறது. அடர்த்தி வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைதான். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போச்சு. கடல் ஏறிக் கரை கிட்டே வரவர மேலே நிற்கும் நீரின் உயரம் குறைகிறது, உப்பு அடியிலிருந்து மேலேறுகிறது. அலை வாசலுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்போதே வாளியில் உப்பு வந்துவிடும்.

2006, 2007 வாக்கில் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் வேறு கதை சொன்னார்கள். சிசிலியில் எட்னா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த சுனாமி அத்லித் யாமை அழித்தது என்றார்கள். அங்கே குவிந்து கிடந்த மீன் எச்சங்கள், மக்கள் அவசரமாக ஓடியதற்கு அடையாளம் என்பது வாதம். செய்தித்தாள்களுக்கு இது பிடித்துப்போனது. ஆனால் அகழாய்வு செய்த கலிலியும் உடனிருந்தவர்களும் இதை ஏற்கவில்லை. சுனாமி அடித்த தடயம் ஊரில் இல்லை, ஊர் மெதுவாகக் கைவிடப்பட்டது என்றார்கள். எனக்கும் அந்தக் குப்பைக் கிணறுதான் நம்பத்தகுந்த சாட்சியாகத் தெரிகிறது. ஓர் அலை கிணற்றில் மணலைக் கொட்டும். வீட்டுக் குப்பையைக் கொட்டாது.

இதே கரையில் இன்னும் பல மூழ்கிய ஊர்கள் உண்டு. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பழைய ஊரான அத்லித் யாம் ஆழத்தில். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய கஃபார் சமீர், தெல் ஹ்ரெய்ஸ் போன்றவை ஐந்து மீட்டருக்குள், இன்றைய கரைக்குக் கிட்டே. கடல் ஏறஏற ஊர்களும் படி ஏறியிருக்கின்றன. கஃபார் சமீரில் மறுபடியும் கிணறு வெட்டியிருக்கிறார்கள், மரக்கிளையும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கி. அங்கே கிடைத்த ஆயிரக்கணக்கான நசுக்கிய ஆலிவ் கொட்டைகள், எண்ணெய் எடுத்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இடம் பெயர்ந்தார்கள், ஆனால் பிழைப்பு சுருங்கவில்லை.

தெல் ஹ்ரெய்ஸ் மக்கள் மட்டும் வேறொன்றும் முயன்றார்கள். 7,500 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முந்திய ஊர் அது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே 100 மீட்டருக்கும் நீளமான கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 200 கிலோ முதல் 1,000 கிலோ வரை எடையுள்ள பாறைகள், ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுவந்தவை. 2019 டிசம்பரில் இந்த ஆய்வு வெளியானது. இதுவரை தெரிந்த கடல் தடுப்புச் சுவர்களில் இதுதான் மிகப் பழையது.

அந்தக் காலத்தில் கடல் ஆண்டுக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர் ஏறியதாகக் கணக்கிடுகிறார்கள். முப்பது வருஷத்தில் 12 முதல் 21 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு குளிர்காலப் புயல் இன்னும் உள்ளே வரும். அப்பா காலத்தில் வராத அலை மகன் காலத்தில் வீட்டுக்குள் வந்திருக்கும். ஊரே சேர்ந்து பாறை இழுத்திருக்கிறது என்றால் அது தெரிந்துதான் இழுத்திருக்கிறது. கடைசியில் சுவர் ஜெயிக்கவில்லை. இன்று சுவரும் ஊரும் நீருக்கடியில்.

இதைப் படித்து, அந்தக் காலத்து மக்கள் எல்லாம் தெரிந்த ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு இருந்த பெரிய வசதி, பின்னால் போக இடம் இருந்தது. கொஞ்சம் பேர், சாலையோ பட்டாவோ கிடையாது. இன்றைய கரையோர ஊருக்கு அது இல்லை. நம்முடைய மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்தடியில் புகுந்தது, கடல் ஏறி அல்ல, நாம் அளவுக்கு மீறி உறிஞ்சியதால். காரணம் வேறு, கிணற்றில் நடப்பது ஒன்றேதான்.

அதனால் இனி கரையோர ஊர்களைப் பற்றி எதைப் படித்தாலும், அலை எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு முன்னால், கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷத்திலிருந்து கரிக்கிறது என்றுதான் பார்க்கப்போகிறேன். அத்லித் யாமில் அந்தக் கேள்விக்குப் பதில், எலும்பும் கல்லுமாகக் கிணற்றுக்குள்ளேயே கிடந்தது.