மட்டக்குதிரையும் மந்தையும்

திருவரங்கத்தில் வளர்ந்த எனக்குக் குதிரை என்றால் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் கற்குதிரைதான். உயிருள்ள குதிரைமீது நான் முதன்முதல் ஏறியது காஷ்மீரத்துச் சோனாமார்க்கில். ஏறத்தாழ 9,000 அடி உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து விடுமுறைப் பயணிகளை மட்டக்குதிரையேற்றி மலைப் புல்வெளிகளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். மேடேறும்போது முன்னும், இறங்கும்போது பின்னும் சாய்ந்து அமர வேண்டும், கடிவாளத்தை இறுக்கலாகாது. அச்சத்தால் நான் இறுக்கினேன்; குதிரை நின்றேவிட்டது!

பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு மந்தை ஏறி வந்தது. அவர்கள் பக்கர்வால் மக்கள். ஜம்முவின் தாழ்ந்த குன்றுகளில் குளிர்காலத்தைக் கழித்து, வேனிலில் மேய்ச்சலுக்காகப் பீர்பாஞ்சால் கணவாய்களைக் கடந்து வருபவர்கள். அவர்களுடைய குதிரைகள் கூடாரத்தையும் பாத்திரங்களையும் சுமந்தன, பெரியவர்கள் நடந்தார்கள். முந்தி வந்தால் புல் முளைத்திராது. திரும்பப் பிந்தினால் கணவாயைப் பனி அடைத்துவிடும். உல்லாசத்துக்காக வந்த நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

இவர்களை ஒத்தவர்களை நம் ஊர்ப் பக்கத்திலேயே கண்டும் காணாதிருந்தேனே என்று அப்போது நாணினேன். சம்பா அறுவடையானதும் இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசன வயல்களுக்கு வருகிறார்கள். இரவில் கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு எரு. அதற்கு நிலக்காரர் கூலி தருகிறார். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வருமுன் வயல்களை விட்டு நீங்கியாக வேண்டும். அங்கே பனி, இங்கே மதகு.

கொள்ளிடக் கரையில் ஒரு கீதாரியிடம் காஷ்மீரத்துக் கதையைச் சொன்னேன். "அங்கே கிடைக்குக் கூலி உண்டா, ஐயா?" என்றார். அதை நான் கேட்டு வரவில்லை.