ஹாரன் ஏன் ஊமையாகிறது?

அம்பாசிடர் காரில் ஹாரனைத் தவிர மற்றெல்லாம் சத்தம் போடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி, மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்ட கார் அது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் பேணிக் காத்து ஓட்டுபவர்கள் இன்றும் உண்டு. என் பெரியப்பா அவர்களுள் ஒருவர்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய காரின் ஹாரன் முதலில் கம்மியது. சில நாட்களில் அடியோடு ஊமையாயிற்று. மெக்கானிக் ஒருவர் வந்தார். சிறு பல்பு ஒன்றின் ஒரு கம்பியை ஹாரனுக்கு மின்சாரம் வரும் முனையிலும், மற்றதைக் காரின் உடலிலும் வைத்து, பெரியப்பாவை ஹாரன் பொத்தானை அழுத்தச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "மின்சாரம் வருகிறது, ஹாரன்தான் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். பெரியப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஹாரனைக் கழற்றிப் பாட்டரியுடன் நேராக இணைத்துப் பார்த்தோம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது! திரும்பக் காரில் பூட்டினால் மறுபடியும் மௌனம். பல்பும் எரிகிறது, ஹாரனும் நன்றாக இருக்கிறது. பின் குறை எங்கே?

இதற்கு ஹாரனின் உள்ளமைப்பை அறிய வேண்டும். பள்ளியில் மின்சார மணியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஹாரனும் அதன் உடன்பிறப்பே. மணியில் சுத்தியல் இருக்கும் இடத்தில் இங்கே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் மின்காந்தம் தகட்டை இழுக்கிறது. இழுபடும் தகடு, மெக்கானிக்குகள் 'பாயிண்ட்' என்று சொல்லும் தொடுமுனைகளைப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் அறுபடுகிறது, தகடு பின்வாங்குகிறது, முனைகள் மீண்டும் கூடுகின்றன. இப்படி ஒரு விநாடிக்குச் சில நூறு தடவை தகடு அதிர்வதையே நாம் ஒலியாகக் கேட்கிறோம்.

எஃகுத் தகட்டை இவ்வாறு ஆட்டிவைக்க வலிமை வேண்டும். ஒரு ஹாரன் ஏறத்தாழ 4 ஆம்பியர் கேட்கும். சோதனைப் பல்பு கேட்பதோ 0.2 ஆம்பியர்தான். மர்மத்தின் விடை இந்த வேற்றுமையில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் பாட்டரியில் 4 ஆம்பியர் ஓடினால் ஹாரனின் தடை 3 ஓம், 0.2 ஆம்பியர் ஓடும் பல்பின் தடை 60 ஓம். (ஹாரன் வெறும் தடை அன்று, ஆயினும் நம் கணக்கிற்கு இது போதும்.) மின்சாரம் வரும் வழியில் ஓர் இணைப்பில் களிம்பு ஏறி, அங்கே மட்டும் 3 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். பல்புக்கு அது பொருட்டே இல்லை, 11.4 வோல்ட் கிடைத்து நன்றாக எரியும். ஹாரனுக்கோ பாதி மின்னழுத்தம் அந்த இணைப்பிலேயே போய்விடும். மீதி 6 வோல்ட்டில் தகடு அசையாது. அசைந்தாலும் ஒலி எழாது. பல்பு பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் தவறு.

ஆகவே சோதனையை ஹாரன் இணைந்திருக்கும்போதே, பொத்தானை அழுத்திக்கொண்டே செய்ய வேண்டும். வோல்ட்மீட்டரை ஹாரனின் இரு முனைகளிலும் வையுங்கள். 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் ஒலிக்காவிட்டால் ஹாரனையே சந்தேகிக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது 6 வோல்ட்டுக்கும் குறைவு.

பல பழைய கார்களில் பொத்தான் ஹாரனுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும். அத்தகைய காரில், பொத்தானுக்குச் செல்லும் முனையிலிருந்து ஒரு கம்பியை எஞ்சினின் சுத்தமான போல்ட் ஒன்றில் தொட்டால் ஹாரன் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் குறை ஸ்டியரிங் பக்கம். (மற்ற முனையைத் தொட்டுவிடாதீர்கள், ஃபியூஸ் எரிந்துவிடும்.) எங்கள் ஹாரன் அப்போதும் பேசவில்லை. எனவே குறை ஃபியூஸ் பக்கம் என்று தெரிந்தது. ஃபியூஸ் முழுதாகவே இருந்தது. அதைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்விகளில்தான் பச்சைக் களிம்பு. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கவ்விகளை உப்புத்தாளால் தேய்த்து, சற்று நெருக்கிவிட்டோம். மீட்டர் 11.6 காட்டியது, ஹாரனும் பழைய குரலில் பேசியது.

ஹாரனே கெடுவதும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு நின்றால், மின்காந்தம் இழுக்கிறது, பாயிண்டுகள் பிரியவில்லை என்று பொருள். சத்தமே இல்லாவிட்டால் அவை தீய்ந்திருக்கலாம். ஹாரனில் உள்ள திருகு பாயிண்டுகளின் இடைவெளியைச் சரிசெய்வதற்கானது. ஒலி நிற்கும் வரை மெல்லத் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்புவது வழக்கம். பலர் முதலிலேயே இந்தத் திருகைத் தொடுகிறார்கள். வயரில் இருக்கும் குறைக்காக ஹாரனைத் திருகிவிட்டு, பின்னர் இரண்டையும் சரிசெய்ய நேர்கிறது!

நெடுநாள் நிறுத்திவைத்த காராக இருந்தால், ஸ்பானரை எடுக்குமுன் ஹாரனின் வாயில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கக்கூடும்.