வாடகைக்கு விடுமுன்

கழக்கூட்டத்தில் சிறு வீடு கட்டிய நம் அன்பர்கள் சிலர், வேலை நிமித்தம் வேறூர் போகையில் அதைப் பூட்டி வைக்கிறார்கள். பூட்டிய வீட்டை மழை தின்றுவிடும். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் அருகிலிருப்பதால் குடிவர ஆளுக்குக் குறைவில்லை.

கோடையில் நீர் குறையும்போதே கிணற்றைத் தூர்வாருங்கள். ஜூன் மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள்.

ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமானால் பதிவு கட்டாயம். ஆகவே 11 மாதத்துக்கு எழுதுவது வழக்கம். ஆனால் தவணை முடிந்ததும் வீடு தானாகக் கைக்கு வந்துவிடாது. குடியிருப்பவர் மறுத்தால், 1965ஆம் ஆண்டுக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என்பது போன்ற காரணத்தை நீதிமன்றத்தில் காட்டியே மீட்க வேண்டும்.

ஆகவே ஓட்டைப் பார்ப்பதுபோல், குடிவரும் ஆளையும் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.