தூரக் காவலும் மின்சார மோட்டாரும்

கண்ணுக்கு எட்டாத இடத்திலுள்ள பொருளைக் கருவி கொண்டு காவல் புரிவது திருப்பூருக்குப் புதிய விஷயமன்று. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் சுழலும் காற்றாலைகளின் உற்பத்தியை உரிமையாளர்கள் தங்கள் ஆபீஸில் இருந்தபடியே கண்டு வருகின்றனர். சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்த வழக்கில், 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி சென்னை ஹைக்கோர்ட் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டதை இவ்வூர் மறக்க இயலாது. பின்னர் 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பெருங் கழிவை உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் தத்தம் கழிவின் அளவுகளைக் கருவி மூலம் இடைவிடாது தெரிவித்தல் வேண்டும் என்று பணித்தது. இந்த அனுபவம் ஓர் உண்மையை நமக்குக் கற்பித்திருக்கிறது. கருவி மௌனம் சாதித்தால் நீர் சுத்தமாகிவிட்டது என்றும் கொள்ளலாகாது; நீர் கெட்டுவிட்டது என்றும் கொள்ளலாகாது. கருவி பேசவில்லை என்பது மட்டுமே அப்போது நாம் அறிந்தது.

மின்சார மோட்டார் வண்டி வாங்கியோர் அனைவரும் இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் நலம்.

கருவியின் வேலை

இத்தகைய வண்டிகள் பலவற்றில் சிறு பெட்டி போன்ற கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறிகளிடமிருந்து பாட்டரியின் இருப்பு, உஷ்ணம், ஓடிய தூரம், கதவுகளின் நிலை ஆகியவற்றை அது கேட்டறிகிறது; வானிலுள்ள செயற்கைக் கோள்களைக் கொண்டு இருக்குமிடத்தைக் கணிக்கிறது; தன்னுள் அடங்கிய சிம் மூலம் யாவற்றையும் கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரிலிருந்தே அச்செய்தி உரிமையாளரின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. ஆகவே வண்டிக்கும் கைபேசிக்கும் நேரான பேச்சு இல்லை. நடுவே பல கைகள் மாறியே செய்தி வருகிறது. எந்தக் கை தவறினாலும், பழி வண்டியின் மேல் விழுந்துவிடுகிறது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொடர்பு அறுந்த பின்னரும், கடைசியாக வந்த கணக்கையே செயலி காட்டிக்கொண்டிருக்கலாம். இரவு சார்ஜ் ஏறிவிட்டது, 80 சதவிகிதம் இருக்கிறது என்று நம்பித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்படுபவர், அது நேற்றைய கணக்கு என்பதை நடுவழியில் அறிய நேரிடும். தேதியில்லாத பில்லை எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவ்வாறே, செயலியில் எண்ணைப் பார்க்குமுன் அது எந்நேரத்து எண் என்பதைப் பார்த்தல் வேண்டும். வண்டியில் ஏறியதும் முன்பலகை காட்டும் அளவே பிரமாணம்.

கோளாறு காணும் முறை

கோளாறைத் தேடுவதில் செலவில்லாத சோதனையை முதலிலும், வண்டியைப் பிரிக்கும் சோதனையைக் கடைசியிலும் வைத்தல் முறை. முதலாவது, வேறொரு கைபேசியில் அதே கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, அதே வகை வண்டி வைத்திருக்கும் அன்பரை விசாரிக்க வேண்டும். அவருக்கும் செய்தி வரவில்லையெனில் குற்றம் சர்வரைச் சார்ந்தது. வண்டியைத் தொட வேண்டியதே இல்லை. மூன்றாவது, சந்தாக் காலம் முடிந்துவிட்டதா என்று காண வேண்டும். நான்காவது, தகரக் கூரைக் கொட்டகையிலோ நிலத்தடி அறையிலோ நிற்கும் வண்டியை வெட்டவெளிக்குக் கொணர்ந்து சிறிது நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாயிருந்தால் அடுத்துக் கவனிக்க வேண்டியது பன்னிரண்டு வோல்ட் சிறு பாட்டரி. வண்டியை ஓட்டும் பெரும் பாட்டரி வேறு; கணிப்பொறிகளையும், பெரும் பாட்டரியை இணைக்கும் ஸ்விட்சுகளையும் எழுப்பிவிடும் இச்சிறு பாட்டரி வேறு. இது ஈய பாட்டரியானால், ஓய்வில் நிறைவாக இருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழ் இறங்கியிருந்தால் சக்தி இழந்தது என்று அறியலாம். கோளாறுற்ற கருவி உறங்காமல் விழித்திருந்து இப்பாட்டரியை உறிஞ்சிவிடுவதும் உண்டு. அப்போது பெரும் பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழும்பாது. அதன் பின்னரே பியூஸ், ஆண்டெனா இணைப்பு, கருவி இவற்றைச் சோதித்தல் தகும். ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளைப் பயிற்சியில்லாதவர் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது உயிரைப் போக்கக்கூடிய மின்சாரம்.

எஜமானர் யார்?

கருவி உண்மையிலேயே பழுதானது என்று கண்டால் என்ன செய்வது? இங்கேதான் பெரிய விஷயம் ஆரம்பமாகிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்த பின்னல் யந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் திருப்பூரில் இருக்கின்றனர். அவர்களுடைய கைத்திறன் இச்சிறு பெட்டியிடம் செல்லுபடியாவதில்லை. பல வண்டிகளில் புதுக் கருவியைப் பூட்டினால் மட்டும் போதாது; கம்பெனியின் சர்வர் அதனை அவ்வண்டிக்குரியதென்று பதிந்துகொண்டால்தான் அது வாய் திறக்கும். கிரயம் கொடுத்தவர் ஒருவர். சாவி வைத்திருப்பவர் மற்றொருவர்!

வெளிநாட்டு அனுபவம் நமக்கு எச்சரிக்கையாகும். பிரிட்டனில், 2016 வரை செய்யப்பட்ட நிஸ்ஸான் லீப் வண்டிகளுக்குரிய செயலிச் சேவை, 2ஜி தொடர்பு மூடப்பட இருப்பதைக் காரணம் காட்டி, 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. வண்டிகள் நன்றாக ஓடின. தூரக் காவல் மாத்திரம் மாண்டது. அதே லீப் வண்டியின் எண்ணை அறிந்த எவரும் எங்கிருந்தோ அதன் குளிர்சாதனத்தை இயக்கவும், பயணக் குறிப்புகளைப் படிக்கவும் கூடும் என்பது 2016 பிப்ரவரியில் வெளியானதும், அச்செயலியைக் கம்பெனி தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அமெரிக்காவில் பிஸ்கர் கம்பெனி 2024 ஜூனில் திவாலானபோது, சர்வரை இனி யார் நடத்துவார் என்ற கவலை உரிமையாளர்களைப் பீடித்தது. அவர்கள் சங்கம் கூட்டித் தங்கள் வண்டிகளைத் தாங்களே காக்க முற்பட்டனர்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய இந்திய சர்க்காரின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு கமிட்டியை நியமித்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று. தனிமனிதரின் விவரங்களைக் காக்க 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. இவை நல்ல ஆரம்பமே. ஆனால் கேட்பார் இல்லாத உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

ஆகவே வண்டி வாங்குவோர் கிரயம் பேசும்போதே சில கேள்விகளை எழுப்புதல் வேண்டும். இச்சேவை எத்தனை வருஷம் நடக்கும்? கருவி மாண்டாலும் வண்டி ஓடுமா, சார்ஜ் ஏறுமா? கோளாறுக் குறியீடுகளை வெளி மெக்கானிக்குக்குத் தருவீர்களா? என் பயணக் குறிப்புகள் யாரிடம் போகின்றன? பதிலை எழுத்தில் பெறுதல் அவசியம். வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் துணியின் எடையையும் சாயத்தின் உறுதியையும் எழுத்தில் ஒப்புக்கொண்டு சரக்கு அனுப்பும் ஊர் இது. தான் வாங்கும் பொருளுக்கும் அதே எழுத்துறுதியைக் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு. ஒருவர் கேட்டால் கம்பெனி புன்னகை புரியும். ஊரே கூடிக் கேட்டால் பதில் சொல்லியே தீரும்.