உஷார்! ஒரே நொதியை முடக்கி உயிரைப் பறிக்கும் பூச்சிமருந்து

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், ஹனூர் பக்கத்துச் சுள்வாடி கிராமம். கிச்சுக்குத்தி மாரம்மா கோயிலில் கோபுரம் எழுப்ப அடிக்கல் நாட்டு விழா. பூசை முடிந்து பக்தர்களுக்குத் தக்காளி சாதம் கொடுத்தார்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயில் நுரை. கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கொள்ளேகாலுக்கும், அங்கிருந்து மைசூருக்கும் ஓடினார்கள். மைசூரு கே.ஆர். மருத்துவமனையிலும் நகரின் தனியார் மருத்துவமனைகளிலும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 17 பேர் இறந்தார்கள்.

சோற்றில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு உறுதி செய்தது. கோயில் நிர்வாகத் தகராறில் வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்று குற்றம் சாட்டிக் காவல்துறை சிலரைக் கைது செய்தது. சோற்றில் ஒரு மாதிரி வாடை வந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பிரசாதமாயிற்றே, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாடையைப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

தமிழக எல்லையை ஒட்டிய பகுதி அது. சேலம், ஈரோடு, தருமபுரியிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் நம்மவர்கள் அந்த வட்டாரத்துக் கோயில்களில் கை நீட்டிப் பிரசாதம் வாங்குகிறார்கள். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் மைசூரு சாமுண்டி மலையில் அன்னதானம் வாங்க வரிசை நீள்கிறது. கூட்டத்துக்குச் சமைக்கும் இடம் எதுவானாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வயலும் தோட்டமும் உள்ள வீடுகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இந்த விஷம் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்திருந்தால், காப்பாற்றும் வழியும் தெரியும்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

மூச்சை இழுக்கச் சொல்லி மூளை கட்டளையிடுகிறது. கட்டளை நரம்பு வழியே ஓடி வருகிறது. நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். நரம்புகள் இப்படி வேதிப்பொருள் மூலம் பேசுகின்றன என்பதை 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு நிரூபித்தவர் ஓட்டோ லோவி. ஹென்றி டேலுடன் சேர்ந்து 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி போய்ச் சேர்ந்த மறுகணமே அசிட்டைல்கோலினை அழித்தாக வேண்டும். அழித்தால்தான் தசை தளரும், அடுத்த கட்டளைக்குத் தயாராகும். இந்த வேலையைச் செய்வது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி. இதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். உயிரினங்களில் உள்ள மிக வேகமான நொதிகளுள் இதுவும் ஒன்று.

எல்லாப் புரதங்களையும் போல இதுவும் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அது மடிந்து சுருண்டு ஒரு குறிப்பிட்ட வடிவம் பெறுகிறது. மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனிலிருந்து எடுத்த இந்த நொதியின் வடிவத்தை 1991-இல் எக்ஸ் கதிர்கள் மூலம் கண்டறிந்தார்கள். நடுவில் குறுகிய, ஆழமான பள்ளம். அதன் அடியில் செரின் என்ற அமினோ அமிலம். அசிட்டைல்கோலின் உடைபடுவது அந்த இடத்தில்தான்.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நேராக அந்த செரினைப் போய்ப் பிடிக்கின்றன. பூட்டுக்குள் சாவி முறிந்து சிக்கிக்கொண்டதுபோல நொதி செயலற்றுப்போகிறது. அசிட்டைல்கோலின் அழியாமல் குவிகிறது. சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன. தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் செயலிழக்கின்றன. நுரையீரலில் சளி நிறைகிறது, மூச்சுத் தசைகள் நின்றுபோகின்றன. மரணம் மூச்சுத்திணறலால்தான் வருகிறது.

பூச்சிக்கு இருப்பதும் இந்த நொதிதான், நமக்கு இருப்பதும் இதே நொதிதான். பூச்சியைக் கொல்ல ஒரு பொருளைத் தேடிய ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடரின் ஆய்வில் 1936-இல் கிடைத்தது டாபுன் என்ற நரம்பு விஷம். போர் ஆயுதமாகவே அதைத் தயாரித்தார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் பரப்பப்பட்ட சாரினும் இதே குடும்பம்தான். வயலுக்கு வாங்கி வரும் டப்பாவுக்கும் அந்த ஆயுதத்துக்கும் வீரியத்தில் வித்தியாசம் உண்டு. தாக்கும் இடம் ஒன்றுதான்.

நேரம்தான் உயிர்

ஆர்கனோபாஸ்பேட் வகையில் சில பூச்சிமருந்துகள் கல்லீரலில் மாற்றம் அடைந்த பிறகே முழு விஷமாகின்றன. மோனோகுரோட்டோபாஸுக்கு அந்தத் தாமதமும் இல்லை. உள்ளே போன உருவத்திலேயே நொதியைத் தாக்கும். தண்ணீரில் எளிதாகக் கரையும் என்பதால் சோற்றிலும் குழம்பிலும் முழுதாகக் கலந்துவிடும்.

மாட்டிக்கொண்ட நொதியை விடுவிக்க பிராலிடாக்சிம் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் நேரம் போகப்போக, நொதியைப் பிடித்த விஷ மூலக்கூறு தன் ஒரு பகுதியை உதறிவிட்டு நிரந்தரமாக இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய நொதியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. மோனோகுரோட்டோபாஸ் சேர்ந்த டைமெத்தில் வகையில், மாட்டிய நொதியில் பாதி சுமார் 3.7 மணி நேரத்தில் இறுகிவிடும். சுள்வாடியிலிருந்து மைசூரு நூறு கிலோமீட்டருக்கு மேல். வழி புரியாமல் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில்தான் கழிகிறது.

இழந்த நொதிக்குப் பதில் உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்தப் படியைப் பார்த்து அமினோ அமிலங்களைக் கோத்து, இழந்த அளவை ஈடுகட்ட நாட்களும் வாரங்களும் ஆகும். அதுவரை மூச்சைக் காப்பாற்றித் தருவது மருத்துவமனையின் செயற்கைச் சுவாசக் கருவிதான்.

எந்த வழியில் வரும்?

சுள்வாடியில் கலந்தது மனிதக் கை என்பது குற்றச்சாட்டு. மற்ற இடங்களில் அலட்சியமே போதுமானதாக இருந்தது.

1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவுப்பொருளும் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்ததில் கோதுமை மாவு விஷமாகியிருந்தது. நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1968-இல்.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ். பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்ததே காரணம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் எதையும் விழுங்கவில்லை. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் விஷம் ஏறியது.

மத்திய அரசு 2023-இல் மோனோகுரோட்டோபாஸ் 36% கரைசலைத் தடுக்க ஆணையிட்டது. இலங்கை அதை 1995-லேயே நிறுத்திவிட்டது. பூச்சிமருந்துச் சாவுகள் அங்கே பெரிதும் குறைந்தன. ஆனால் தடை வந்த பிறகும் பழைய டப்பாக்கள் பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கும். குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், டைமெத்தோயேட் என்று இதே குடும்பத்து மருந்துகளும் புழக்கத்தில் இருந்தவைதான்.

இந்த அடையாளங்களைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள்

- கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்குதல், பார்வை மங்கல்
- எச்சில், கண்ணீர், வியர்வை கொட்டுதல், வாயில் நுரை
- வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னை அறியாமல் சிறுநீர் கழிதல்
- தோலுக்கடியில் தசை துடித்தல், கைகால் தளர்ச்சி
- நெஞ்சில் களகள சத்தம், மூச்சுத்திணறல், வலிப்பு

ஒரே பந்தியில் சாப்பிட்ட பலருக்கு ஒரே நேரத்தில் இவை வந்தால், அது சாதாரண அஜீரணமோ கெட்டுப்போன உணவோ என்று நினைத்து மோர் கொடுத்து உட்காராதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் பந்தியை நிறுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்டவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடையில் விஷம் பட்டிருந்தால் கழற்றிவிட்டு, சோப்பும் தண்ணீரும் கொண்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும், அந்த விஷம் அவர் தோலிலும் ஏறும். டப்பாவையோ மிச்ச உணவையோ தனியாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் போகும்.

மருத்துவமனையில் முதல் காவல் அட்ரோபின். அது நொதியை விடுவிக்காது. அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடங்களை மறித்துச் சளியையும் இதயத் தளர்ச்சியையும் கட்டுப்படுத்தும். நெஞ்சு தெளியும்வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுப்பார்கள். அதனால் நோயாளிக்கு நாக்கு வறளலாம், அவர் பிதற்றலாம். உறவினர்கள் பதறி ஊசியை நிறுத்தச் சொல்லக் கூடாது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுகிறார் என்று மறுநாளே வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரலாம். இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் உலகுக்கு விளக்கிய நிலை இது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்று நோயாளி சொன்னால், அதுவே அபாய அறிகுறி.

வீட்டிலும் கோயிலிலும்

பூச்சிமருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். காலியான டப்பாவைக் கழுவினாலும் அதில் எண்ணெயோ தண்ணீரோ நிரப்பாதீர்கள். ஓட்டை போட்டு நசுக்கிவிடுங்கள். கொதிக்க வைத்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பாதீர்கள். மருந்தடிப்பவர் முழுக்கை உடை, கையுறை, முகமூடி இல்லாமல் வயலில் இறங்கக் கூடாது. காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது.

கோயில் நிர்வாகிகளே, அன்னதானக் குழுவினரே! சமையல் கொட்டகைக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்பதற்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து மூடி வையுங்கள். பரிமாறும் முன் மணத்தையும் நிறத்தையும் பாருங்கள், சந்தேகம் வந்தால் முழுப் பாத்திரத்தையும் ஒதுக்கிவிடுங்கள். வீணாகிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

இதே மைசூரில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியைக் கொண்டே உணவில் பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டறியும் உணரிகள் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் கையில் இலையோடு பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. அவரிடம் இருப்பது மூக்கும் நாக்கும்தான். வாடை மாறியிருந்தால், வாய் எரிந்தால், நாக்கு மரத்துப்போனால் துப்பிவிடுங்கள், எழுந்து நின்று சத்தமாகச் சொல்லுங்கள். மாரியம்மன் பிரசாதமானாலும் சரி, சம்பந்தி வீட்டு விருந்தானாலும் சரி, அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் பந்தி முழுக்கப் பிழைக்கும்.