எலும்புக்கூட்டுக்கும் உறவினர் உண்டு

பத்து காவானிலிருந்து வடக்கே போனால், அதே செபராங் பிறையில், குவார் கெப்பா இருக்கிறது. கற்கால மக்கள் தின்று போட்ட சிப்பிகள் அங்கே மேடுகளாகக் குவிந்திருந்தன. 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டெயின் காலன்ஃபெல்ஸ் அங்கு அகழாய்வு செய்தார். கிடைத்த மனித எலும்புகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போயின. 2017இல் அங்கே காட்சியகம் கட்டும் பணியின்போது மேலும் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 5,000 ஆண்டுகள் பழைமையான அதுதான் ‘பினாங்குப் பெண்’.

இவரைப் பார்வைக்கு வைக்கலாமா என்று யாரிடம் கேட்பது? இத்தனை காலத்துக்குப் பின் வாரிசு இவர்தான் என்று சொல்வது கடினம்.

ஆனால், அருங்காட்சியகங்களில் உள்ள பல எலும்புகளுக்கு உரிமை கோரும் சமூகங்கள் இன்றும் வாழ்கின்றன. இலங்கையின் வேடர்கள் ஓர் உதாரணம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த அவர்களது மூதாதையரின் ஒன்பது மண்டையோடுகளை, 2019 நவம்பரில் வேடர் தலைவர் நேரில் சென்று பெற்றுக்கொண்டார்.

‘அறிவியலுக்கு இது இழப்பில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். எலும்பை ஆராய்ந்தால் வயது, உணவு, நோய் தெரியும். இறந்தவருக்கு எந்தச் சடங்கு செய்ய வேண்டும், எந்தப் பொருளைப் பிறர் பார்க்கக்கூடாது என்பதைச் சமூகம்தான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமையாகும்.

எனவே இப்போது அனுமதி முதலில், கண்காட்சி பிறகு. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் இது விதியாகவே வந்தது. உடனே நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களை மூடியது.

அடுத்த முறை பூர்வகுடிக் கூடத்துக்குப் போனால், விளக்கப் பலகையைப் படியுங்கள். அதில் பேசுவது யார் என்று பாருங்கள்.