அடுக்களையும் எரிவாயுவும்

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்தில் அமைந்தது கொட்டகலை. மாலை மங்கியதும் பனிமூட்டம் இறங்கும், குளிர் ஏறும். கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் ஒதுங்குவது இங்குள்ளோர் வழக்கம். முன்னாளில் அந்த அடுப்பில் எரிந்தது தேயிலை மிலாறும் காட்டு விறகும். இன்று பல வீடுகளில் அதன் பக்கத்திலே எரிவாயுச் சிலிண்டரும் இடம் பெற்றுவிட்டது. புகையும் கண்ணெரிச்சலும் குறைந்தன. பொழுது விடியுமுன் கொழுந்தெடுக்கப் புறப்படும் தாய்மாருக்கு நேரமும் மிச்சமாயிற்று. ஆயினும் விறகைப் பற்றி நாம் அறிந்த அளவு இந்த வாயுவைப் பற்றி அறிந்திருக்கிறோமா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

எரிவாயு என்னும் ஒரே பெயரால் இருவேறு பொருள்கள் வழங்குகின்றன. பூமியினடியிலிருந்து கிடைக்கும் இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன் ஆகும். பல நாடுகளில் அது குழாய் வழியே வீடுகளுக்கு வருகின்றது. 2011ஆம் ஆண்டில் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு இருப்பது கண்டறியப்பட்டதெனினும், நம் வீட்டு அடுப்புகளில் எரிவது அதுவன்று. நாம் பயன்படுத்துவது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டும் கலந்த திரவ வாயு. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டுச் சிலிண்டரில் அடைபட்டிருக்கும் இது, வெளிவந்தால் ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்காக விரியும்.

இவ்விரு வாயுக்களுக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை எடையிலே உள்ளது. மீதேன் காற்றினும் இலேசானது. கசிந்தால் மேலெழுந்து போகும். புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமுள்ளவை. ஆகவே நம் வாயு கசிந்தால் தண்ணீரைப்போலத் தரையில் படர்ந்து, மூலையிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும். கூரையருகே உள்ள துவாரம் மட்டும் இதற்குப் போதாது. தரையை ஒட்டியும் காற்றுப் போக வழி வேண்டும்.

இந்த வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. நாம் உணரும் துர்நாற்றம் எதில் மேர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்ப்பதால் உண்டாவது. மணமூட்டும் வழக்கம் பரவலானதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரின் பாடசாலையில், 1937 மார்ச்சு 18ஆம் நாள், தளத்தின் அடியில் இயற்கை வாயு கசிந்து நிறைந்திருந்தது. மணமில்லாமையால் எவரும் அறியவில்லை. தொழிற்கூடத்தில் ஒரு மின்பொறியை இயக்கியபோது எழுந்த பொறி கட்டடத்தையே தகர்த்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர். அதன் பின்னரே வாயுவுக்கு மணமூட்டவேண்டும் என்னும் சட்டம் அங்கு எழுந்தது. நம் மூக்கில் படும் அந்த நாற்றம், அக்குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற எச்சரிக்கை.

நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகள் பலவற்றில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஆராய்வதற்குப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் எண்மர் குழுவொன்று அமைக்கப்பட்டது. வாயுக் கலவையின் விகிதம் மாறியதே முதன்மைக் காரணம் என அக்குழு கண்டது. சாதாரண வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனினதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டரினுள் அழுத்தமும் கூடும். அந்நிலையில் தளர்ந்த இணைப்பும் வெடித்த இறப்பர்க் குழாயும் எளிதில் கசியும். கலவையைச் சரிபார்ப்பது அதிகாரிகளின் கடமை. குழாயையும் இணைப்பையும் பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

மலைநாட்டவர் தனியே கருதவேண்டியன சில உண்டு. முதலாவது, லயத்தின் அமைப்பு. காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ், ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்கின்றன. ஒரு வீட்டின் கசிவு அவ்வரிசை முழுவதற்குமே ஆபத்து. இரண்டாவது, விறகடுப்பும் வாயு அடுப்பும் அருகருகே இருத்தல். கசிந்த வாயு தரையோடு ஊர்ந்து தணலை அடைந்தால் பின் கேட்கவேண்டியதில்லை. மூன்றாவது, குளிர். குளிர்ந்த விடியலில் திரவம் மெதுவாகவே ஆவியாகும், சுவாலை குன்றும். அப்பொழுது சிலிண்டரின்மேல் கொதிநீர் ஊற்றுவதும், அதனை அடுப்பருகே நகர்த்துவதும் பெருந்தவறு. பொறுத்திருப்பதே தக்கது.

சிலிண்டரை என்றும் நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். சாய்த்தால் திரவமே குழாயில் பாயும். புதிய சிலிண்டரைப் பொருத்தியதும் இணைப்பில் சவர்க்கார நீரைத் தடவிப் பார்க்கலாம். குமிழி எழுந்தால் கசிவு உண்டு என்பது பொருள். தீக்குச்சி கொண்டு சோதிப்பது அறியாமை. குழாயை இரண்டாண்டுக்கொரு முறையும் ரெகுலேட்டரை ஐந்தாண்டுக்கொரு முறையும் மாற்றுதல் நன்று. படுக்கைக்குப் போகுமுன் சிலிண்டரை மூடும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வரவேண்டும்.

நாற்றம் எழுந்தால் செய்யவேண்டியது யாது? எரியும் நெருப்பு எதுவாயினும் உடனே அணைக்கவேண்டும். மின்விளக்கின் ஆளியைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களை அகலத் திறந்து, பிள்ளைகளையும் முதியோரையும் வெளியேற்றி, அண்டை வீட்டாருக்கும் அறிவித்தல் வேண்டும். தொலைபேசியை வெளியே வந்த பின்னரே எடுக்கலாம். தீயணைப்புப் படையின் எண் 110.

மணமே இல்லாத இன்னொரு பகையும் உண்டு. அடைத்த அறையில் அடுப்பு எரிந்தால் போதிய காற்றின்றிக் காபன் மோனொக்சைட்டு உண்டாகும். அது குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பற்றிக்கொண்டு, தூங்குவோரைத் தூக்கத்திலேயே மாய்க்கும். நீலச் சுவாலை நல்லது. மஞ்சள் சுவாலையும் பாத்திரத்தில் கரியும் காற்றுப் போதாமையின் அடையாளம். குளிர் காய்வதற்காகத் தணற்சட்டியை உள்ளே வைத்துக் கதவடைப்போரும் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். அடுப்பு எரியும் வரையில் சன்னல் சிறிது திறந்தே இருக்கட்டும். அதன் வழியே வரும் குளிர் சற்று வருத்தும், உயிரைக் கொள்ளாது.